மக்ரிபுக்குப் பிறகு யார் வர முடியும்?

நீலகிரியில் மார்க்க வகுப்புக்கு அடிக்கப்படும் நோட்டீஸ்களில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான் இருக்கும்: மக்ரிப் தொழுகைக்குப் பின் வகுப்பு, பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு. எழுதுகிறவர்கள் நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள். திரை கட்டியாயிற்று, பாய் விரித்தாயிற்று, இனி வருவது அவரவர் பொறுப்பு என்று நினைக்கிறார்கள். ஆனால் நவம்பர் மாதத்தில் இங்கே மக்ரிப் 6 மணியை ஒட்டி வந்துவிடும். அந்த நேரத்தில் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். ஊட்டியில் குளிர் ஏறியிருக்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் யானைகள் பாதைக்கு இறங்கும். இஷா வரை பாடம் கேட்டுவிட்டு, கைக்குழந்தையோடு தேயிலைக் காட்டுக்கு நடுவே இருக்கும் தொழிலாளர் குடியிருப்பான லயனுக்கு ஒரு பெண் எப்படித் திரும்புவாள்? அந்த நோட்டீஸின் முதல் வரியே அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. இரண்டாவது வரியில் இருக்கும் தனி இடவசதியால் அதை மாற்ற முடியாது. சமுதாயக் கல்வி நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் வேலையில் நான் தெரிந்துகொண்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பெண்களும் இளைஞர்களும் வருவார்களா மாட்டார்களா என்பது மணி குறிக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே மணி குறிக்கும் உரிமையை அவர்கள் கையில் கொடுப்பதே முதல் வேலை.

இந்த மலையைத் தெரியாதவர்களுக்குச் சில விவரங்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. ஆயிரம் ஆண்களுக்கு 1,042 பெண்கள். முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் அதற்குள் பல உலகங்கள் இருக்கின்றன. ஊட்டி, குன்னூர் கடைவீதிகளைச் சுற்றித் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும் வீட்டில் தக்கினி உருது பேசும் குடும்பங்களும் வாழ்கின்றன. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் வயநாட்டையும் நிலம்பூரையும் ஒட்டி மலையாளம் பேசும் மாப்பிள்ளைமார் திரளாக இருக்கிறார்கள். முன்னவர்கள் பெரும்பாலும் ஹனஃபி, பின்னவர்கள் ஷாஃபி. ஊட்டியிலிருந்து கூடலூருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலைப்பாதை. சமவெளியில் ஒரு மஹல்லா என்றால் நான்கு தெரு. இங்கே ஒரு மஹல்லா மூன்று குன்றுகளில் சிதறிக் கிடக்கும். பள்ளிவாசல் பாங்கு காதில் விழாத வீடுகளும் அதே ஜமாஅத்துக்குச் சந்தா கட்டுகின்றன. சமவெளிக்கு வகுத்த நேர அட்டவணையை இங்கே அப்படியே கொண்டுவந்து ஒட்டுவதில்தான் முதல் பிழை நேர்கிறது.

பெண்கள் எதை இழக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு சாதாரணக் கணக்கைச் சொல்கிறேன். ஓர் ஆண் 15 வயது முதல் 60 வயது வரை வாரம் தவறாமல் ஜும்ஆவுக்குப் போனால் 2,340 வெள்ளிக்கிழமைகள். குத்பாவுக்கு முன் நடக்கும் பயான் அரை மணி நேரம் என்று வைத்தாலும் 1,170 மணி நேரம். இதை யாரும் கல்வி நிகழ்ச்சி என்று பெயரிட்டு அழைப்பதில்லை. ஆயினும் வாழ்நாள் முழுக்க நடக்கும் வகுப்பு அது. ஜகாத்துக்கு யார் தகுதியானவர், மருமகளை எப்படி நடத்த வேண்டும், வாரிசு உரிமை எப்படிப் பிரியும் என்பதெல்லாம் அதில்தான் காதில் விழுகின்றன. பெண்கள் ஜும்ஆவுக்கு வராத மஹல்லாக்களில் ஒரு பெண்ணுக்கு இந்தக் கணக்கு பூஜ்ஜியம். சிறு வயதில் இந்த இடைவெளி இல்லை என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். கூடலூர்ப் பக்கம் காலையில் மதரஸாவுக்குப் போகும் பிள்ளைகளில் பெண் பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இல்லை. 1951இல் தொடங்கிய சமஸ்த கேரள இஸ்லாம் மத வித்யாப்யாச போர்டின் பாடத்திட்டத்தில் 5, 7, 10, 12 வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வே உண்டு. சிறுமிகள் அதில் ஆர்வமாகத் தேறுகிறார்கள். பருவம் எய்தி, பள்ளிப் பாடம் கூடி, திருமணம் முடிந்த பிறகு அந்தப் படிப்பின் தொடர்ச்சி ஆணுக்கு வெள்ளிதோறும் கிடைக்கிறது, பெண்ணுக்கு அங்கேயே அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுவதுதான் எங்கள் பணி. புதிதாக எதையும் புகுத்துவதாக நினைக்க வேண்டியதில்லை.

எந்த மணியில் முடிச்சுப் போடுவது? கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குக் காலையில் தொடங்கும் வேலை மாலையில் எடை போட்டு முடியும்வரை தீராது. அதற்குப் பிறகு தண்ணீர், விறகு, சமையல். வாரத்தில் அவளுக்கு மிஞ்சுவது ஞாயிறு பிற்பகல் மட்டும்தான், அதுவும் துணி துவைத்து, சந்தைக்குப் போய் வந்த பிறகு. கொழுந்து கூடுதலாக வரும் மாதங்களில் அந்த ஓய்வுகூட உறுதியில்லை. டவுனில் இருக்கும் குடும்பப் பெண்ணுக்கோ ஞாயிறு சரிப்படாது, வீடு முழுக்க ஆட்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின், மதியச் சமையலுக்கு முன் கிடைக்கும் 11 மணி அவளுடையது. இளைஞர்களின் கணக்கு இவை இரண்டுக்கும் எதிர்த்திசையில் ஓடுகிறது. டாக்சி ஓட்டுகிறவர், காட்டேஜில் வேலை பார்ப்பவர், வர்க்கி, சாக்லேட், தைலம் விற்கும் கடைகளில் நிற்பவர் எல்லோருக்கும் சனி, ஞாயிறுதான் உச்ச வேலை. தமிழ்நாடு முழுக்க மே மாதத்தில் கோடைகால தீனியாத் முகாம்கள் நடக்கின்றன. அதே வழக்கத்தில் இங்கேயும் மே மாதம் முகாம் வைக்கிறோம். ஆனால் மலர்க் கண்காட்சியும் சீசன் கூட்டமும் சேர்ந்து வரும் மே மாதத்தில்தான் இந்த மலையின் பதினெட்டு வயதுப் பையன் ஆண்டு முழுவதற்குமான காசைச் சம்பாதிக்கிறான். அவன் வரவில்லை என்று மேடையில் வருத்தப்படுவதற்கு முன், முகாமை ஜூலைக்கு மாற்றியிருக்கலாம். அப்போது கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும் என்பதால் அங்கே அதுவும் பொருந்தாது. இப்படி எல்லோருக்கும் பொதுவான நல்ல நேரம் என்று ஒன்று இந்த மாவட்டத்தில் இல்லவே இல்லை. இரண்டு மூன்று சிறு வகுப்புகளை வெவ்வேறு மணிகளில் வைப்பதைத் தவிர வழியில்லை. பெரிய கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு 12 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பு தோல்வி போலத் தெரியும். அந்தக் கண்ணைத்தான் நாங்கள் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படிக் காலத்தை வளைத்துக் கொடுப்பது மார்க்கக் கல்வியின் கண்ணியத்துக்குக் குறைவு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஹதீஸ் நூல்களிலேயே செய்தி இருக்கிறது. ஆண்களே எப்போதும் சூழ்ந்திருப்பதால் எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் நபிகளாரிடம் கேட்டார்கள், அவர் ஒதுக்கினார். புகாரியின் கல்வி பற்றிய பகுதியில் இது பதிவாகியிருக்கிறது. கேட்டவர்கள் பெண்கள், கேட்டது ஒரு நாள். இடம் போதவில்லை என்றோ பாடம் கடினம் என்றோ அவர்கள் முறையிடவில்லை. மற்றொரு செய்தியில், பெருநாள் உரை பெண்களின் காதுக்கு எட்டியிருக்காது என்று கருதிய நபிகளார் பிலாலை அழைத்துக்கொண்டு பெண்கள் இருந்த பக்கம் சென்று மீண்டும் உபதேசம் செய்தார். இன்று திரைக்குப் பின்னாலோ மாடியிலோ உட்கார வைக்கப்படும் பெண்களுக்கு ஒலிபெருக்கி கரகரக்கிறதா, தெளிவாகக் கேட்கிறதா என்று பார்க்க யாராவது எழுந்து போகிறார்களா? மூன்றாவதாக, பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால் தாய்க்குச் சிரமமாகுமே என்று தொழுகையையே அவர் சுருக்கிக்கொண்டார் என்ற செய்தியும் உண்டு. நேரம், காது, குழந்தை ஆகிய மூன்று தடைகளும் அந்த முதல் தலைமுறையிலேயே இருந்தன. மூன்றும் தீர்க்கப்பட வேண்டிய தடைகள் என்றே அப்போது மதிக்கப்பட்டன. நாட்டின் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் கேட்டது. தேயிலை நிறுவனத்துக்குச் சட்டம் சொன்னதை மார்க்க வகுப்பு நடத்தும் நாங்கள் எங்களுக்கே சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்து அறையில் ஒரு பாயும் நான்கு பொம்மையும் பார்த்துக்கொள்ள ஒரு மூத்த பெண்ணும் இருந்தால், வருகிறவர்களில் பாதிப் பேருடைய கவலை தீரும்.

தாகம் இருக்கிறவர்கள் எப்படியும் வருவார்கள் என்பது நான் அதிகம் கேட்ட மறுப்பு. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் வாழ்க்கைகள் உண்மையிலேயே பெருமைக்குரியவை. நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் சில வகுப்புகளே பள்ளியில் படித்தவர். வீட்டுக்குள் இருந்தே வாசித்து வளர்ந்து 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். அதற்கு உ.வே. சாமிநாதையர் அணிந்துரை எழுதினார். ஆனால் இந்த வாழ்க்கையை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். வீட்டில் புத்தகமும் வாசிப்பை மதிக்கும் பெரியவர்களும் இருந்ததால் அந்தத் தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தது. அதே ஊரில் அதே ஆண்டுகளில் அதே தாகத்தோடு எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை, அவர்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. அசாதாரணமான மனஉறுதி உள்ளவரை மட்டும் வடிகட்டி எடுப்பது போட்டித் தேர்வுக்குப் பொருந்தும். கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்று நம்புகிற சமுதாயம் சாதாரண மனஉறுதி உள்ளவரையும் கணக்கில் வைத்துத்தான் வாசலைக் கட்ட வேண்டும்.

அடுத்த மறுப்பு கனமானது, மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டியது. பெண்கள் பள்ளிவாசலுக்கு வருவதை எங்கள் ஜமாஅத் ஏற்பதில்லை, வகுப்பு என்ற பெயரில் அதைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவரப் பார்க்கிறீர்கள் என்கிறார்கள். இந்த விஷயத்தில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தமிழகத்திலும் கேரளத்திலும் சில அமைப்புகளின் பள்ளிவாசல்களில் பெண்கள் தொழுகிறார்கள், வேறு பலவற்றில் இல்லை. பெண்கள் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நுழைய மார்க்கத்தில் அனுமதி உண்டு, ஆனால் அது அவர்கள் மீது கட்டாயமில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியமே 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்ற வழக்கு ஒன்றில் கூறியது. என் சொந்த விருப்பமும் வாசல் திறக்க வேண்டும் என்பதே. ஆனாலும் கல்வியை அந்த வழக்கு முடியும்வரை காக்க வைக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் இருக்கின்றன. அங்கே பெண்கள் கூடித் தொழுவார்கள், ஓதுவார்கள், கற்பார்கள். பழமையைப் போற்றும் ஊர் அது. அங்கே முடிந்தது மலையில் ஏன் முடியாது? ஒரு பெரிய கூடம் உள்ள வீடு, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் மதரஸா அறை, லயன் வரிசையின் கடைசி வாசல் என எது கிடைத்தாலும் போதும். நடந்து போகும் தூரத்தில் வகுப்பு இருந்தால், துணைக்கு யார் வருவார் என்ற கேள்வியும் எழாது. பேருந்தில் பெண்களுக்கு இருந்த கட்டணமில்லாப் பயணம் 2024இல் மலைப்பகுதிகளுக்கும் வந்தது பெரிய உதவிதான். என்றாலும் பேருந்து நிற்கும் இடத்திலிருந்து லயன் வரையிலான நடைக்கு எந்தத் திட்டமும் இல்லை.

கைபேசி வந்துவிட்ட பிறகு இத்தனை சிரமம் எதற்கு என்று இளைஞர்களே கேட்கிறார்கள். யூடியூபில் ஆயிரம் பயான் இருக்கிறது, உண்மைதான். தேயிலைச் சரிவுகளில் சிக்னல் கிடைக்காத மடிப்புகள் இருப்பதும், கூடலூரில் ஜென்மம் நில உரிமைச் சிக்கலில் மாட்டிய பல வீடுகள் நீண்ட காலம் மின் இணைப்புக்கே அலைந்ததும் ஒரு பக்கம் இருக்கட்டும். கைபேசி பேசும், கேட்டதற்குப் பதில் சொல்லாது. கேட்பவருடைய நிலைமை அதற்குத் தெரியாது. தவணையில் கார் எடுத்து டாக்சி ஓட்டலாம் என்று நினைக்கும் இளைஞனுக்கு, அந்தக் கடன் வட்டியா இல்லையா, வேறு வழி உண்டா என்பது உடனடிக் கேள்வி. மகளிர் குழுவில் கடன் வாங்கிய பெண்ணுக்கும் அதே கேள்வி. பட்டா இல்லாத நிலத்தில் பெண் பிள்ளைகளின் பங்கு என்ன, மூன்று முறை தலாக் சொல்லிவிட்டால் 2019 சட்டம் என்ன சொல்கிறது, மாதவிடாய்க் காலத்தில் எதை ஓதலாம் என்பவையெல்லாம் முகம் தெரிந்த ஒருவரிடம், நம்பிக்கையோடு, மெதுவாகக் கேட்க வேண்டியவை. இளைஞர்கள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று குறை சொல்கிறோம். அப்பாவும் மாமாவும் உட்கார்ந்திருக்கும் சபையில் காதலைப் பற்றியோ சந்தேகத்தைப் பற்றியோ எந்தப் பையன் கேட்பான்? பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேள்விகளை வாங்கி, அடுத்த வகுப்பில் பதில் சொல்வது பழைய முறைதான். என் அனுபவத்தில் அதைவிடப் பயனுள்ள முறை இல்லை. அந்தச் சீட்டுகளே அடுத்த ஆண்டுக்கான பாடத்திட்டம்.

மொழியும் இப்படித்தான். ஊட்டியில் உருது பேசத் தெரிந்த, படிக்கத் தெரியாத தலைமுறை வளர்ந்துவிட்டது. கூடலூரில் வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழ் எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த மொழியில் புத்தகம் கொடுப்பது என்பதை அச்சிடும் முன் அவர்களிடமே கேட்க வேண்டும். நம் முன்னோர் இதைச் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். குர்ஆன் ஓதக் கற்றிருந்தும் தமிழ் எழுத்து அறியாத ஆண்களும் பெண்களும் நிறைய இருந்த காலத்தில், அரபு எழுத்திலேயே தமிழை எழுதி மார்க்க நூல்கள் செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பேரறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டில் அரபுத் தமிழில் எழுதியதைத் தாழ்வாக நினைக்கவில்லை. படிப்பவரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே எழுத்தைக் கொண்டுபோனார்கள்.

ஆசிரியர் யார், சம்பளம் யார் கொடுப்பது என்று நிர்வாகிகள் கேட்கும் கேள்வி நியாயமானது. சிறிய ஜமாஅத், ஹஜ்ரத்துக்கே போதிய ஊதியம் தர முடியாத நிலை. ஆனால் பெண்களுக்கான நிஸ்வான் மதரஸாக்களில் ஐந்தாண்டு படித்து ஆலிமா பட்டம் பெற்றுத் திருமணமாகி வந்த பெண்கள் இந்த மலையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய படிப்பு வீட்டுக்குள் பயன்படாமல் கிடக்கிறது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர், பெரும்பாலும் பெண், சிறிய ஊக்கத்தொகை, வீட்டு வாசலில் ஒன்றரை மணி நேரம். பக்கத்து வீட்டு அக்கா சொல்லிக்கொடுக்கிறாள் என்றால் தாய்மார் பிள்ளைகளைத் தயங்காமல் அனுப்பினார்கள். ஆலிமாவுக்கும் ஊக்கத்தொகை தர வேண்டும். அல்லாஹ்விடம் கூலி உண்டு என்று சொல்லி ஆண் உஸ்தாதை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, பெண்ணிடம் மட்டும் அந்தச் சொல் ஊதியத்துக்குப் பதிலாகப் போய்விடுகிறது. இதை மாற்ற ஜமாஅத் கமிட்டியின் வரவு செலவில் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரியை எழுதும் மேசையில் பெண் இல்லை என்பதே சிக்கல். வக்ஃபு சட்டத்தின் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் மாநில வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் வேண்டும் என்றது. மஹல்லா அளவில் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. முத்தவல்லி பதவியையோ நிர்வாகத்தையோ இப்போதே கேட்க வேண்டாம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கல்வி வகுப்பின் நாளும் மணியும் முடிவு செய்யும் மூன்று பேர் குழுவில் ஓர் ஆலிமாவும், 25 வயதுக்குக் கீழ் ஒருவரும் இருப்பதால் எந்த மரபு குலையும்?

பெண் பிள்ளைகள்தான் நன்றாகப் படிக்கிறார்களே, கவலை பையன்களைப் பற்றித்தான் என்று சிலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவனும் வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கிறவனும் கல்லூரிக்குப் போகும் தங்கையைவிடத் தனிமையில் இருக்கிறார்கள். அவன் ஜும்ஆவுக்கு வருவதால் அவனை எட்டிவிட்டோம் என்று கணக்கு எழுதிவிடுகிறோம். சீசன் வெள்ளியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு ஓடுபவனுக்குப் பயான் கிடைப்பதில்லை. அவனுக்கு ஏற்ற நேரம் வாரநாள் இரவு 9 மணி, வண்டிகள் நின்ற பிறகு. பெண்களுக்குச் சாத்தியமே இல்லாத அந்த மணி அவனுக்குச் சாத்தியம்.

இதுவரை சொன்ன எதிலும் அடங்காத ஒரு கூட்டம் தோட்டங்களில் இப்போது பெருகிவருகிறது. அசாமிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து கொழுந்து பறிப்பவர்கள். அவர்களில் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கும் லயன்களில், எந்த மணி உங்களுக்கு வசதி என்று கேட்பதற்கான மொழியே எங்களிடம் இல்லை. தமிழ் நோட்டீஸும் உருது நோட்டீஸும் மலையாள நோட்டீஸும் அங்கே ஒன்றுதான். அவர்களுடைய பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து தமிழ் பேசத் தொடங்கியிருக்கும் இடங்களில், அந்தப் பிள்ளைகள் வழியாகத் தாய்மாரிடம் கேட்கத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். பள்ளி விடுவது மாலை 4 மணிக்கு மேல், தாய் எடை போட்டுத் திரும்புவது 5 மணிக்கு மேல். இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தொடங்க வேண்டும்.